வேண்டும், கூடாது, லாம்: பராமரிப்புப் பணியின் தர்மசங்கடங்கள்

ஒரு சட்டப்பிரிவைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது அது எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். ‘செய்ய வேண்டும்’ என்று முடியும், ‘செய்யக் கூடாது’ என்று முடியும், ‘செய்யலாம்’ என்றும் முடியும். மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கும் இல்லங்களுக்கும் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிற எங்களுக்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் அன்றைக்கே தீர்ந்துவிடும். மீதிப் பாதி ‘லாம்’ என்கிற இரண்டு எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த முன்களப் பணியாளர்கள், சிறப்புக் கல்வியாளர்கள், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்பவர்கள், மாற்றுத்திறன் உள்ள அண்ணனையோ தங்கையையோ கவனிக்கிற கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் என் மனத்தில் இருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. 14 வருடமாக டெல்டா பக்கம் வீடு வீடாகப் போகிறவள்.

முதலில் தர்மசங்கடம் என்கிற சொல். தினமும் பேசுகிற சொல்தான், ஆனால் அதற்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவில் நிற்கிறவருக்குச் சங்கடம் என்ன? நல்லதைச் செய்துவிட்டுப் போகலாம். இந்தப் பக்கமும் தர்மம், அந்தப் பக்கமும் தர்மம், ஒன்றைப் பிடித்தால் மற்றது கைநழுவும் என்கிறபோதுதான் சங்கடம். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலை. பராமரிப்பு வேலையில் அது வாரம் ஒரு தடவையாவது வரும்.

புடவை முடிச்சு

ஒரு வீடு. ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன், சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கீற்றுக் கொட்டகை, முன்னால் திண்ணை, பின்னால் இருபது எட்டில் வாய்க்கால். 19 வயதுத் தம்பி, அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. அப்பா திருப்பூரில். அம்மா காலையில் நூறு நாள் வேலைக்குப் போனால் திரும்ப மத்தியானம் ஆகும். முதல் தடவை நான் போனபோது தம்பி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். இடது கணுக்காலில் ஒரு பழைய நூல் புடவை, மறுமுனை கட்டில் காலில்.

அம்மா வந்ததும் என்னைப் பார்த்துப் பதறவில்லை. “கயிறு அறுக்கும்னு புடவையில கட்டுறேன் மேடம். ஒருநாள் இந்தக் கால், ஒருநாள் அந்தக் கால். தண்ணிப் பானை எட்டுற மாதிரிதான் நீளம் விட்டிருக்கேன். கட்டலன்னா வாய்க்கால்லதான் தேடணும்.” முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். கணுக்காலைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

இங்கே எத்தனை தர்மம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவன் உயிர். அவன் சுதந்திரம். அந்த அம்மாவின் கூலி, அதாவது இரண்டு பேரின் சோறு. நான் அந்த வீட்டுக்குள் மறுபடி காலெடுத்து வைக்கிற உரிமை; அதை இழந்தால் அவனைப் பார்க்க வெளியாள் ஒருவரும் மிஞ்சப்போவதில்லை. இத்தனையையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற வழி எதுவும் அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மனிதரைக் கட்டிப்போடுவது பற்றித் தமிழ்நாட்டில் பேசினால் ஏர்வாடியைத் தாண்டிப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. பிறகு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று எழுதிவைத்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத ‘கூடாது’ அது.

அதே சட்டத்தின் 97ஆவது பிரிவைப் புதியவர்கள் ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். மனநல நிலையங்களில் ஒருவரைப் பிடித்து நிறுத்துவதோ கட்டுவதோ எப்போது செல்லும் என்று அது சொல்கிறது. அவருக்கோ மற்றவருக்கோ உடனடியாக ஆபத்து வந்து நிற்கிறபோது, தடுக்க வேறு எந்த வழியும் இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, அந்த ஆபத்து விலகும் வரைக்கும் மட்டும். செய்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறையை ஒரு காரணமாகக் காட்டவும் கூடாது.

கடைசி வரியில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நிலையத்துக்கு அது சரியான விதி. ஆள் போடுவது நிலையத்தின் கடமை. அந்தக் கொட்டகையில் ஆள் பற்றாக்குறைதான் முழுக் கதையே. ஒரே ஒரு அம்மா. அவரிடம் போய் “ஆள் இல்லை என்பது காரணமாகாது” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ளவர் அந்தச் சட்டத்தின் ‘மனநோய்’ என்கிற வரையறைக்குள் வரமாட்டார். தம்பிக்குப் பொருந்துவது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அதன் 7ஆவது பிரிவின்படி, ஒரு மாற்றுத்திறனாளி கொடுமைக்கோ வன்முறைக்கோ சுரண்டலுக்கோ ஆளாகிறார் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம். கொடுக்கலாம். கொடுத்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. முடிவை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

முதல் நாளே நான் தகவல் கொடுத்திருந்தால்? அம்மா குற்றவாளியாக நிற்பார். தம்பி எங்கோ ஒரு இல்லத்துக்குப் போவான், அங்கே கதவுக்குப் பூட்டு இருக்கும். கொடுக்காமல் விட்டால்? அடுத்த நாள் அடுப்புப் பொறி கீற்றில் விழுந்தால், வலிப்பு வந்து புடவை கழுத்தில் சுற்றினால், கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

நான் செய்ததைச் சொல்கிறேன். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லவரவில்லை. முதலில் தம்பியிடம் கேட்டேன். அவனுக்கு ஏழெட்டுச் சொற்கள்தான் வரும். கேள்வியை முடிச்சைத் தொட்டுக் கேட்டேன். குதிகாலால் அதைத் தள்ளினான். மறுபடி கேட்டேன், மறுபடி தள்ளினான். அது பதில். அதைத் தேதியோடு கோப்பில் எழுதினேன். எத்தனை மணி நேரம் கட்டு, எவ்வளவு நீளம், தோல் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதி, எழுதியதை அந்த அம்மாவிடமே வாசித்துக் காட்டினேன். “ரெண்டு வாரத்துல திரும்ப வருவேன் அக்கா. அதுக்குள்ள இது குறையணும். குறையலன்னா நான் மேல சொல்ல வேண்டி வரும், உங்களுக்குத் தெரியாம சொல்லமாட்டேன்” என்றேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் டீ கொடுத்தார்.

அன்றைக்கே மாற்ற முடிந்தவை இரண்டு. அடுப்பு எரியும்போது கட்டு இருக்கக் கூடாது. முடிச்சு இழுத்தால் அவிழ்கிற வகையாக இருக்க வேண்டும், எதிர்வீட்டுப் பாட்டிக்கு அதை அவிழ்க்கத் தெரிய வேண்டும். மற்றவற்றுக்கு நாளாகும். பகல் பராமரிப்பு மையத்தின் வேன் அந்தத் தெருவுக்கு வருமா என்று கேட்க வேண்டும், வலிப்பு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும், வாய்க்கால் பக்கம் மூங்கில் படல் கட்ட யாராவது உதவுவார்களா என்று அலைய வேண்டும். படலும் ஒருவகை அடைப்புதானே என்று ஒரு தோழி கேட்டாள். அடைப்புதான். ஆனால் படலுக்கு உள்ளே அவன் நடக்கலாம். குறைந்தபட்சக் கட்டுப்பாடு, குறைந்தபட்ச நேரம் என்று இந்தத் துறையில் சொல்கிற கொள்கையின் நடைமுறை உருவம் இதுதான்.

‘வேண்டும்’ என்றால் யோசிக்க நேரமில்லை

18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ, போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். தகவல் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைத்தால் 1 வருடம் வரை. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. குழந்தையைத் துருவித் துருவி விசாரிப்பது நம் வேலை இல்லை. குழந்தை சொன்னதை அதன் சொல்லிலேயே எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்; குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் சொல்லலாம்.

தெளிவான சட்டம்தான். ஆனாலும் எதிரில் உட்கார்ந்து ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “வெளியில தெரிஞ்சா தூக்குல தொங்கிடுவோம், உங்களை நம்பித்தானே சொன்னேன்” என்று அழும்போது கால் நகராது. அங்கே போய் நின்றபிறகு யோசித்தால் தாமதம். அதனால் இப்போது நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: “நீங்க சொல்ற எதையும் தெருவுல சொல்லமாட்டேன் அக்கா. ஆனா யாராவது புள்ளைங்க மேல கை வெச்சாங்கன்னாலோ, யார் உயிருக்காவது ஆபத்துன்னாலோ அதை மட்டும் என்னால மறைக்க முடியாது.” இதைக் கேட்டபிறகு ஒருவர் என்னிடம் ஒன்றைச் சொன்னால், அது எங்கே போகும் என்று தெரிந்துதான் சொல்கிறார். புதியவர்களுக்கு நான் கற்றுத்தருவதிலேயே மிகவும் பயன்பட்டது இந்த இரண்டு வாக்கியம்தான்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உடம்புக்கு 25 வயது, மனத்துக்கு 6 வயது என்று வீட்டார் சொல்லும் பெண்ணுக்குப் போக்சோ பொருந்துமா? பொருந்தாது. மூளை முடக்குவாதம் உள்ள 38 வயதுப் பெண் ஒருவரின் வழக்கில், மனவயதைக் கணக்கில் எடுத்துச் சட்டத்தை விரிக்கக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் 2017இல் மறுத்துவிட்டது. சட்டத்தில் வயது என்றால் பிறந்த தேதிப்படியான வயது. ஆகவே வயது வந்தவர் விஷயத்தில் 19ஆவது பிரிவின் கட்டாயம் இல்லை. அதற்காகச் சட்டம் கைவிட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிப் பெண் மீதான பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். புகாரைக் காவலர்கள் அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, சைகைமொழி பெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிய வேண்டும், அதை வீடியோவாகவும் எடுக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்தாலே பல குடும்பங்களுக்குப் பாதி பயம் போய்விடுகிறது. அந்தப் பெண்ணிடமும் கேட்க வேண்டும், புகார் கொடுக்கலாமா என்று. அம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டு வருவதை நான் பல வருடம் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

அன்பாகத் தெரிகிற குற்றங்கள்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். ராத்திரி படுக்கை நனையும், மாற்றிவிட ஆள் இல்லை. பல வீடுகளில், பல இல்லங்களில் இது சாதாரண ஏற்பாடு, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கோடையில் அந்த உதடுகளைப் பாருங்கள், வெடித்திருக்கும். 2016 சட்டத்தின் 92ஆவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவோ நீரோ மறுப்பதைக் குற்றம் என்கிறது. 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

அதே பிரிவில் இன்னொன்று. மாற்றுத்திறனாளியின் துணைக்கருவியைப் பயன்படுத்த விடாமல் வேண்டுமென்றே தடுப்பதும் குற்றம். சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று வீல்சேரை மூலையில் தள்ளிவைப்பது, கத்துகிறாள் என்று காதுக்கருவியைக் கழற்றிவைப்பது. பிள்ளையை முட்டிபோடச் சொல்வது மாதிரி நினைத்துக்கொண்டு செய்கிறார்கள். வீல்சேர் அவர் கால். காலைப் பிடுங்கி மூலையில் வைக்கிறோம் என்று சொன்னால்தான் சிலருக்கு உறைக்கிறது.

மூன்றாவது, அம்மாக்கள் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் கேட்கிற கேள்வி. “வயசுக்கு வந்துட்டா. மாசாமாசம் என்னால முடியல. நான் போயிட்டா யாரு பார்ப்பா? கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு சொல்றாங்களே?” கேட்கிறவர் கொடுமைக்காரி இல்லை. பதினைந்து வருடம் ஒருநாள் விடாமல் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவர். 1994இல் மகாராஷ்டிரத்தில் புனே பக்கம் ஷிரூரில், அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தபோது அதிகாரிகள் சொன்ன காரணமும் இதே மாதவிடாய்ச் சுத்தம்தான். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2016 சட்டத்தின் 10ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி விவரம் முழுதும் தெரிந்து சுதந்திரமாகத் தரும் ஒப்புதல் இல்லாமல் அவரை மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்கிறது.

‘கூடாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவந்தால் அந்த அம்மாவுக்கு நாம் எதுவும் செய்யவில்லை. அவர் கேட்டது கர்ப்பப்பையைப் பற்றி இல்லை, தன் காலத்துக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி. இந்த இடத்தில் சிறப்புக் கல்வியாளர்களின் கைவேலை பெரிது. சுவரில் காலண்டர், சிவப்புப் பொட்டு. பொம்மைக்கு ஜட்டி போட்டு அதில் பேடு ஒட்டப் பழகுவது. பேடில் சிவப்பு மையைத் தொட்டு, “இது நனைஞ்சா மாத்தணும்” என்று தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் செய்துகாட்டுவது. ஒரு பெண் இதைப் பிடித்துக்கொள்ள பதினோரு மாதம் ஆனது. பன்னிரண்டாம் மாதம் தானே மாற்றிக்கொண்டு, காகிதத்தில் சுற்றிய பேடை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள், பரிசு கொடுப்பதுபோல.

அவரைக் கேட்டீர்களா?

ஒப்புதல் என்கிற சொல்லைச் சுற்றித்தான் இந்தத் துறையின் பெரும்பாலான தர்மசங்கடங்கள் சுழல்கின்றன. பழைய பழக்கம் இப்படி: ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் வந்துவிட்டால் எல்லா முடிவையும் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை அதைப் புரட்டிப்போட்டது. அதன் 12ஆவது கூற்றுப்படி, சட்டத்தின் முன் முடிவெடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. முடிவெடுக்கத் துணை தேவைப்பட்டால் துணை கொடுக்க வேண்டும்.

முடிவெடுக்கும் திறன் மொத்தமாக இருப்பதோ இல்லாமல் போவதோ இல்லை. விஷயத்துக்கு விஷயம் மாறும். ஐந்நூறு ரூபாய்த் தாளையும் ஐம்பது ரூபாய்த் தாளையும் பிரிக்கத் தெரியாத ஒருத்திக்கு, யார் தன்னைக் குளிப்பாட்டலாம், யார் கூடாது என்பது துல்லியமாகத் தெரியும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. விவரத்தை அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ சைகையிலோ படத்திலோ சொல்ல வேண்டும் என்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: ஒருவர் எடுத்த முடிவு மற்றவர் கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கத் திறனில்லை என்று ஆகிவிடாது.

2009இல் சண்டிகர் வழக்கு ஒன்று இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள, 19-20 வயதுப் பெண் ஒருவர் அங்கே வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான். அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றாள். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் அமர்வு உத்தரவை நிறுத்தியது. அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்றல்ல, வயது வந்த அந்தப் பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னால் அறை இரண்டாகப் பிரியும். “யார் வளர்ப்பது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்பாடு செய்வது அரசின் வேலை. அவள் உடம்பின் மேல் கை வைக்க அது அனுமதி ஆகாது என்பதே என் கருத்து.

இத்தனை பெரிய விஷயத்தில் மட்டும் இல்லை, சாப்பாட்டிலும் இதே கேள்வி வரும். ஒரு இல்லத்தில் மூளை முடக்குவாதம் உள்ள 34 வயது அண்ணன் ஒருவர். விழுங்குவதில் சிரமம், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். அதனால் மூன்று வேளையும் மசித்த சோறு. அவர் கேட்டது மெதுவடை. பேச்சுப் பயிற்சியாளர் வேண்டாம் என்றார், சமையல் அக்கா பாவம் கொடுங்களேன் என்றார். 1972இல் ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் எழுதிவைத்த ஒரு கருத்து இங்கே உதவும்: ஆபத்தே இல்லாமல் ஒருவரைப் பொத்திப் பொத்தி வைப்பதும் அவர் கண்ணியத்தைப் பறிப்பதுதான். வாழ்க்கையில் எல்லோருக்கும் உள்ள சாதாரண ஆபத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

சாம்பாரில் ஊறிய வடை ஒரு வழியாகத் தெரிந்தது. அண்ணன் வாயில் வாங்கிவிட்டு, நாக்கை வெளியே நீட்டி, “மொறு... மொறு” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. புரையேறினால் என்ன ஆகும் என்பதைப் படம் வரைந்து காட்டினோம். ஏற்கெனவே ஒருதடவை மருத்துவமனையில் கிடந்தவர், அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கடைசியில் பேச்சுப் பயிற்சியாளரே வழி சொன்னார். நிமிர்த்தி உட்காரவைத்து, நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது, மொறுமொறுப்பான ஓரத்தை நகக்கண் அளவு பிய்த்து, ஒன்று இறங்கியபிறகு அடுத்தது. வாரம் ஒரு வடை, அரை மணி நேரம். அவர் கேட்டதையும், ஆபத்தைச் சொன்னதையும், இப்படித்தான் கொடுப்போம் என்பதையும் எழுதி அவர் கைநாட்டும் வாங்கினோம். இரண்டு தடவை இருமியிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்த நாளில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை.

கார்டியன் சான்றும் 2,000 ரூபாயும்

பணம் வந்தால் உறவே வேறு முகம் காட்டும். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடும் பாதிப்புள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அது யாருடைய பணம்? பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. ஏடிஎம் கார்டு பெரும்பாலும் அண்ணன் சட்டைப் பையில் இருக்கும். அரிசியும் பருப்பும் அவர்தான் வாங்குகிறார், அதனால் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தங்கைக்குக் கண்ணாடி வளையல் வேண்டும், போனுக்கு ரீசார்ஜ் வேண்டும். அந்த 2,000த்தில் அவள் கைக்கு நூறு ரூபாய்கூட வருவதில்லை. 2016 சட்டத்தின் 13ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிக்குத் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை உண்டு என்கிறது. துணை செய்கிறவருக்கும் அவருக்கும் ஒரு பரிவர்த்தனையில் நலன் மோதினால் துணை செய்கிறவர் அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. சொத்துப் பிரிக்கும்போது தம்பியின் கைநாட்டை வாங்கவரும் அண்ணன்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கார்டியன் சான்று வாங்கச் சொல்லிப் பல இடங்களில் அலையவிடுகிறார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு 18 வயது தாண்டியவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். சான்று கைக்கு வந்ததும் எல்லோரும் மறந்துபோகிற விஷயம், 6 மாதத்துக்குள் அவர் சொத்துப் பட்டியலையும், பிறகு வருடாவருடம் வரவுசெலவுக் கணக்கையும் பாதுகாவலர் கொடுக்க வேண்டும் என்பது. கொடுமைப்படுத்தினாலோ பணத்தைக் கையாடினாலோ பாதுகாவலரை நீக்கவும் முடியும். 2016 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், அவர் விருப்பத்தை ஒட்டி, இருவரும் சேர்ந்து முடிவெடுக்கிற வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைச் சொல்கிறது. என்னைக் கேட்டால், ஒரு வேலைக்குச் சான்று தேவையே இல்லை என்றால் வாங்காதீர்கள். ஒரு வங்கிக் கிளையில் ஏடிஎம் கார்டு கொடுக்கக்கூடச் சான்று கேட்டார்கள். எழுதிக் கேட்டோம், எந்த விதிப்படி என்று. மறுவாரம் கார்டு வந்தது.

ரகசியம் பற்றிச் சிறிதாக. கிராமத்தில் ரகசியம் நாம் வாயைத் திறக்காமலே வெளியேறும். நிறுவனத்தின் பெயர் எழுதிய ஜீப் மனநோய் உள்ளவர் வீட்டு வாசலில் நின்றாலே போதும், டீக்கடையில் விஷயம் முடிந்தது. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வீல்சேர் கொடுக்கும்போது எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அவரைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், ஆனால் வேண்டாம் என்றால் வீல்சேர் திரும்பிப் போய்விடாது என்று அவருக்குத் தெரியும்படி கேளுங்கள். வீட்டில் டீ குடிக்கலாமா, முறுக்கு வாங்கலாமா என்று எல்லாப் புதியவர்களும் கேட்பார்கள். குடியுங்கள், மறுத்தால் அந்த வீட்டுக்கு அவமானம். சேவலைக் கட்டிக்கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சேவலை வாங்கிவிட்டு அடுத்த வாரம் அந்த வீட்டில் பார்த்ததை எழுத நம் கை கூசும்.

புடவை முடிச்சு வீட்டுக்கு நான் சொன்ன தேதியில் போனேன். அதற்குப் பிறகும் பலமுறை போனேன். வேன் அந்தத் தெருவுக்கு வாரம் மூன்று நாள் வர ஒத்துக்கொள்ள ஏழு வாரம் ஆனது. படலை எதிர்வீட்டுப் பாட்டியின் பேரன் கட்டிக்கொடுத்தான். மற்ற இரண்டு வேலை நாட்களில் பாட்டி திண்ணையில் இருந்தால் கட்டு இல்லை, பாட்டிக்கு முட்டிவலி என்றால் கட்டு உண்டு. கோப்பில் கடைசியாக நான் எழுதியிருப்பது: “இந்த மாதம் கட்டியது 3 நாள், மொத்தம் 7 மணி நேரம். போன மாதம் 5 நாள். இடது கணுக்காலில் தோல் மிருதுவாகி வருகிறது. தம்பியிடம் கேட்டேன், முடிச்சைக் குதிகாலால் தள்ளினான். அடுத்த பார்வை 18ஆம் தேதி.”